முதல் சம்பளச் சீட்டில் கணக்கு இடிக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

கல்லூரி முடித்து முதல் வேலையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால், வருமான வரி பிடித்திருப்பார்கள் என்று தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். உண்மையில், முதல் வருடத்தில் சம்பளத்திலிருந்து போகும் பணத்தில் வருமான வரி ஒரு ரூபாய்கூட இல்லாமல் இருக்கலாம். போனது வருங்கால வைப்பு நிதிக்காக (பி.எஃப்.) இருக்கலாம், மாநகராட்சிக்கான தொழில் வரியாக இருக்கலாம், காப்பீட்டுக்காக இருக்கலாம். எந்தப் பிடித்தமானாலும் அது போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே சேர்ந்ததா என்று நீங்களே பார்த்துவிட முடியும். கீழே உள்ள வழிமுறை முழுவதும் இதை வைத்துத்தான் நகர்கிறது.

தொடங்கும் முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வேலை உத்தரவுக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சம்பளப் பிரிவினை, இதுவரை வந்த சம்பளச் சீட்டுகள், வருமான வரித் தளத்தின் உள்நுழைவு, பி.எஃப். தளத்தின் உள்நுழைவு. உள்நுழைவு இல்லையென்றால் இன்றே உருவாக்குங்கள். இங்கே சொல்லும் வருமான வரி விகிதங்களும் படிவப் பெயர்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அதனால் அந்தப் பிரிவு எண்களைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வருடத்துக்கு 6 லட்சம் என்றார்கள், மாதம் 50,000 வரவில்லை

பேசிய தொகை சம்பளம் இல்லை, சி.டி.சி. அதாவது, உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதில் ஒரு பகுதி உங்கள் கைக்கு மாதாமாதம் வரவே வராது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

6,00,000 சி.டி.சி.யில் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். அடிப்படையில் 12 சதவீதம், ஆண்டுக்கு 36,000. கிராஜுவிட்டிக்காக (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) 4.81 சதவீதம், 14,430. செயல்திறனைப் பொறுத்து ஆண்டுக்கு ஒருமுறை தரும் தொகை 60,000. இவை மூன்றையும் கழித்தால் மீதி 4,89,570. மாதத்துக்கு 40,797. இதுதான் சீட்டில் மொத்தச் சம்பளம் என்று வரும் எண். அப்புறம் உங்கள் பங்கு பி.எஃப். 3,000 போகும். கைக்கு வருவது சுமார் 37,800. வருமான வரி இன்னும் கணக்குக்குள்ளேயே வரவில்லை, கவனியுங்கள்.

இந்தக் கணக்கை உங்கள் கடிதத்தை வைத்து ஒருமுறை போடுங்கள். ஒத்துப்போனால் பிழை எதுவும் இல்லை. பேசும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வேலைக்குப் பேசும்போது சி.டி.சி.யைக் கேட்காதீர்கள், மாத மொத்தச் சம்பளத்தைக் கேளுங்கள். கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவர்களுக்குத்தான் கிடைக்கும். இரண்டு ஆண்டுகளில் கிளம்பப்போகிறவருக்கு அந்த 14,430 வெறும் காகித எண்.

ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு இடத்தை முதலில் பாருங்கள். சீட்டின் பிடித்தப் பகுதியில் பி.எஃப். இரண்டு முறை இருக்கிறதா? சில நிறுவனங்கள் தங்கள் பங்கை வரவுப் பக்கத்திலும் காட்டிப் பிடித்தப் பக்கத்திலும் காட்டும். இரண்டு பக்கமும் இருந்தால் அவை ஒன்றையொன்று அடித்துவிடும், கவலை இல்லை. பிடித்தத்தில் மட்டும் இருந்தால் நிறுவனத்தின் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று பொருள். சட்டம் அதை அனுமதிப்பதில்லை. ஹெச்.ஆர்.-க்கு எழுத்தில் கேளுங்கள்.

முதல் மாதம் மிகக் குறைவு, அல்லது ஒன்றுமே வரவில்லை

இதில் பெரிய மர்மம் இல்லை. மாதத்தின் நடுவில் சேர்ந்தால் வேலை செய்த நாட்களுக்கு மட்டும் சம்பளம். பல நிறுவனங்கள் 20-ஆம் தேதி வாக்கில் சம்பளக் கணக்கை மூடிவிடும். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த மாதத்து நாட்கள் அடுத்த மாதம் நிலுவையாக வரும். இரண்டாவது சீட்டில் 'அரியர்' என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லையென்றாலோ, விடுப்பே எடுக்காதபோது சம்பளமில்லா விடுப்பு நாட்கள் என்று எண் இருந்தாலோ, வருகைப் பதிவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அடையாள அட்டை கைக்கு வருவதற்கு முந்தைய முதல் சில நாட்கள்தான் இப்படி அடிக்கடி விடுபடும்.

திடீரென ஒரு மாதம் மட்டும் 1,250 குறைந்தது

தமிழ்நாட்டில் வேலை செய்கிறீர்கள், அது ஆகஸ்ட், செப்டம்பர் அல்லது ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நடந்தது என்றால், அது தொழில் வரி. இங்கே அது உள்ளாட்சி அமைப்புக்கு அரையாண்டுக்கு ஒருமுறை போகிறது. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250. வருடத்துக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவே சொல்கிறது. ஆகவே ஆண்டில் மூன்றாவது முறை பிடித்தால் கட்டாயம் கேளுங்கள்.

பெங்களூருக்குப் போன நண்பருக்கு மாதாமாதம் பிடிக்கிறார்களே என்று குழம்ப வேண்டாம். கர்நாடகத்தில் முறை அப்படி.

டிசம்பரில் மட்டும் மிகச் சிறிய தொகை ஒன்று போயிருந்தால் அது தொழிலாளர் நல நிதி.

இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கிறது, நண்பருக்கு இல்லை

இது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 18,000 சம்பளத்துக்கு 135 ரூபாய். இதை வீண் செலவாக நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவம் இதில் அடங்கும். உடல்நலம் கெட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, கிடைக்கவும் இதில் வழி இருக்கிறது. இந்தப் பிடித்தம் இருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் காப்பீட்டு எண்ணை வாங்கி, குடும்பத்தினரின் பெயர்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் சேர்க்காமல் விட்டுவிட்டு, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போன அன்று அலைவது கொடுமை.

சம்பள உயர்வில் 21,000-ஐத் தாண்டிய பிறகும் பிடிக்கிறார்கள் என்றால், அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் முடிய, தொடரும். அதுவரை மருத்துவமும் தொடரும்.

பி.எஃப். பிடிக்கிறார்கள், பாஸ்புக்கில் இல்லை

இதுதான் எல்லாவற்றிலும் தீவிரமானது. மற்ற பிழைகள் அடுத்த மாதமோ அடுத்த வருடமோ சரியாகிவிடும். இது கண்டுகொள்ளாமல் விட்டால் வருடக்கணக்கில் ஓடும்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஜூன் மாதச் சம்பளத்தில் பிடித்ததை நிறுவனம் ஜூலை 15-க்குள் கட்ட வேண்டும். பாஸ்புக்கில் ஏறச் சில நாட்கள் பிடிக்கும். ஆகவே ஜூலை 5-ஆம் தேதி தேடிவிட்டுப் பதற வேண்டாம். ஆகஸ்ட்டிலும் ஜூன் வரவில்லை என்றால் அது பிழைதான்.

அடுத்து, சீட்டில் அச்சான 12 இலக்க யு.ஏ.என். (பி.எஃப்.-இல் உங்களுக்கான நிரந்தர எண்), நீங்கள் உள்நுழைந்த யு.ஏ.என். இரண்டும் ஒன்றா? படிக்கும்போது பகுதிநேர வேலையோ பயிற்சியோ செய்தவர்களுக்குப் பழைய எண் ஒன்று இருக்கலாம். புதிய நிறுவனம் இரண்டாவது எண்ணை உருவாக்கியிருக்கும், பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும். எண் செயல்படும் நிலையில் இருந்தால், பதிவு செய்த கைபேசியிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலே கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வந்துவிடும். பெயர் எழுத்து, பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தலைப்பெழுத்தை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, விரித்து எழுதுவதா என்பதில் நம் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். வேலையில் இருக்கும்போது திருத்துவது எளிது. விட்டுப்போன பிறகு பழைய நிறுவனத்தின் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

எண் சரி, பணம் மட்டும் இல்லை என்றால், எந்தெந்த மாதம், எவ்வளவு என்று எழுதி, சீட்டுகளை இணைத்து ஹெச்.ஆர்.-க்கு மெயில் அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் பி.எஃப். நிறுவனத்தின் இணையக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியுங்கள். தயங்காதீர்கள். உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துவிட்டுக் கட்டாமல் இருப்பது தாமதம் என்று சொல்லிக் கடந்துவிடக்கூடிய விஷயம் இல்லை, குற்றம்.

பாஸ்புக்கில் ஓய்வூதியப் பகுதி பூஜ்யமாக இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. அடிப்படைச் சம்பளம் 15,000-க்குள் இருந்தால் நிறுவனத்தின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாகச் சேர்பவருக்கு 15,000-க்கு மேல் இருந்தால் ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. முழுவதும் வைப்பு நிதிக்கே போக வேண்டும். ஆகவே மேலே பார்த்த 25,000 அடிப்படைக்காரருக்குப் பூஜ்யம்தான் சரி. அவருக்கு அங்கே 1,250 ஏறியிருந்தால்தான் பிழை. பின்னாளில் பணத்தை மாற்றும்போது அது முட்டுக்கட்டை ஆகும்.

பக்கத்து நாற்காலிக்காரருக்கு 1,800, உங்களுக்கு 3,000 என்றால், அவருக்கு 15,000 உச்சவரம்புக்கு மட்டும் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். இரண்டும் சட்டப்படி சரி. அந்த 1,200 தொலைந்துபோன பணம் இல்லை, உங்கள் கணக்கில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் நேராக 10 சதவீதம் போகிறது

இதைக் கவனமாகப் படியுங்கள். ஊழியரின் சம்பளத்துக்கு இப்படி ஒரே சதவீதமாக வரி பிடிக்கும் முறை கிடையாது. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை மதிப்பிட்டு, அதற்கான வரியைக் கணக்கிட்டு, மீதி மாதங்களுக்குப் பிரிப்பார்கள். மாதம் 30,000 வாங்குபவருக்குச் சரியாக 3,000 போகிறது, பி.எஃப். இல்லை, சீட்டே இல்லை அல்லது 'கட்டணம்' என்று ஒரு காகிதம் வருகிறது என்றால், உங்களை ஊழியராகச் சேர்க்கவில்லை. ஆலோசகராக ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

கையெழுத்திட்ட கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 'கன்சல்டன்ட்', 'தொழில்முறைக் கட்டணம்' என்ற சொற்கள் இருக்கும். இதன் விளைவுகள் பல: பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, சம்பளக்காரருக்கு உரிய 75,000 நிலைக்கழிவு (ஆதாரம் கேட்காமல் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) இல்லை, சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றாகிய ஃபார்ம் 16-க்குப் பதில் 16ஏ வரும், எளிய வரித் தாக்கல் படிவமான ஐ.டி.ஆர்.-1-ஐப் பயன்படுத்த முடியாது. பிடித்த வரி போய்விட்டதா என்றால் இல்லை. வருமான வரியைக் கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. ஆண்டு வருமானம் 3,60,000 என்றால் புதிய முறையில் வரி பூஜ்யம். கணக்குத் தாக்கல் செய்தால் 36,000 முழுவதும் திரும்ப வரும். தாக்கல் செய்யாவிட்டால் வராது. தாக்கல் செய்ய வேண்டிய அவசியமில்லை என்று யாராவது சொன்னால், இந்த நிலையில் இருப்பவர்கள் அதைக் கேட்க வேண்டாம்.

10-க்குப் பதில் 20 சதவீதம் என்றால், பான் எண் கொடுக்கவில்லை, தவறாகக் கொடுத்தீர்கள், அல்லது ஆதாரோடு இணைக்காததால் பான் செயலிழந்து கிடக்கிறது. வரித் தளத்தில் பான் நிலையைப் பார்த்து அன்றே சரிசெய்யுங்கள்.

போன வருடம் வரி இல்லை, ஏப்ரலில் திடீரென 8,125

சம்பளம் மாறவில்லை, வரி மட்டும் எங்கிருந்தோ வந்தது போலிருக்கும். ஆனால் கணக்கு சரி. மாதம் 1,25,000 மொத்தச் சம்பளத்தில் ஆகஸ்ட்டில் சேர்ந்தவர் மார்ச் வரை எட்டு மாதங்களில் வாங்கியது 10 லட்சம். புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 12 லட்சம்வரை இருந்தால், தள்ளுபடி காரணமாகச் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆகவே முதல் வருடம் பூஜ்யம்.

அடுத்த ஆண்டு 12 மாதங்களுக்கு 15 லட்சம். 75,000 போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 2,25,000-க்கு 15 சதவீதம், 33,750. கூட்டினால் 93,750. அதன் மேல் செஸ் என்ற 4 சதவீதக் கூடுதல் வரி 3,750. மொத்தம் 97,500. பன்னிரண்டால் வகுத்தால் 8,125.

இதிலிருந்து இன்னொரு சிக்கல் பிறக்கிறது. ஒரே நிதியாண்டில் வேலை மாறினால், முதல் நிறுவனத்தில் 7 லட்சம், இரண்டாவதில் 8 லட்சம் என்று வாங்கியிருப்பீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேருமே வரி இல்லை என்று விட்டுவிடுவார்கள். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதே 97,500, வட்டியோடு சேர்த்து, ஒரே அடியாக வந்து நிற்கும். புதிய நிறுவனத்தில் சேர்ந்த வாரமே பழைய சம்பள விவரத்தை ஃபார்ம் 12பி-யில் கொடுத்தால் இது நடக்காது. கொடுக்கச் சொல்லிப் பல இடங்களில் நினைவூட்ட மாட்டார்கள்.

சேர்க்கை போனஸ் வந்த மாதத்தில் வரி எகிறுவதும் இதே காரணத்தால்தான்: ஆண்டு வருமான மதிப்பீடு அன்றைக்கு மாறுகிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை சம்பளம் சரிந்துவிட்டது

பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஏப்ரலில் அல்லது சேர்ந்தபோது, காப்பீடு, முதலீடு செய்வேன் என்று ஒரு படிவத்தில் நிரப்பியிருப்பீர்கள். டிசம்பர், ஜனவரி வாக்கில் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் முழு வருடத்து வரியையும் மீதி மூன்று மாதங்களில் பிடிப்பார்கள்.

6,40,000 சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, உங்கள் பங்கு பி.எஃப். 36,000. காப்பீடும் சேமிப்புமாக இன்னும் 1,14,000 காட்டினால் வரிக்குரிய வருமானம் 4,40,000, வரி இல்லை. அந்த 1,14,000-க்கு ஆதாரம் தராவிட்டால் 5,54,000. வரி செஸ்ஸோடு 24,232. மூன்றாகப் பிரித்தால் மாதம் 8,077.

இதே சம்பளத்துக்குப் புதிய முறையில் எந்த முதலீடும் இல்லாமலே வரி பூஜ்யம்! வரியை மிச்சப்படுத்த என்று சொல்லி முதல் சம்பளத்திலேயே 20 ஆண்டு காப்பீட்டுத் திட்டத்தை விற்கப் பலர் வருவார்கள். இந்தச் சம்பள அளவில் அந்தத் திட்டம் மிச்சப்படுத்தும் வரி எதுவும் இல்லை. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால், தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். நிறுவனத்திடம் எதைச் சொன்னீர்கள் என்பது அங்கே கட்டுப்படுத்தாது. புதிய முறையில் தாக்கல் செய்யுங்கள், 24,232 திரும்ப வரும். வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் மின்சரிபார்ப்பும் முடிந்திருக்க வேண்டும். பணம் திரும்ப வராமல் நிற்பதற்கு இவை இரண்டும்தான் வழக்கமான காரணங்கள்.

இதற்கு நேர்மாறான அறிகுறி: வாடகை ரசீது கொடுத்தும் வரி குறையவில்லை. நீங்கள் புதிய முறையில் இருக்கிறீர்கள். அங்கே வாடகைப்படிக்கு விலக்கு இல்லை.

வருமானம் 12 லட்சத்துக்குள்தான், ஆனாலும் வரி காட்டுகிறது

பங்குச் சந்தையில் வாங்கி விற்றீர்களா? குறுகிய கால லாபத்துக்கான 20 சதவீத வரிக்கு, மேலே சொன்ன 12 லட்சம்வரையிலான தள்ளுபடி பொருந்தாது. சம்பளத்துக்கு வரி இல்லாமல் போகலாம், அந்த லாபத்துக்கு இருக்கும். விற்றது வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் தானாகவே வந்து நிற்கும், மறைக்க முடியாது.

12 லட்சத்தைச் சற்றே தாண்டினாலும் பயப்பட வேண்டாம். வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் விகிதப்படி 61,500 வரும். ஆனால் தாண்டிய 10,000-க்கு மேல் வரி வாங்கக் கூடாது என்று விளிம்பு நிவாரணம் இருக்கிறது. 10,000-மும் செஸ்ஸும்தான். நிறுவனத்தின் கணக்கில் இது விடுபட்டிருந்தால் சொல்லித் திருத்தலாம்.

வரி பிடித்தார்கள், 26ஏ.எஸ்.-இல் காணவில்லை

26ஏ.எஸ். என்பது உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் அறிக்கை, வரித் தளத்தில் பார்க்கலாம். இங்கும் முதலில் நாட்காட்டி. நிறுவனம் பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். ஆனால் யாருக்காகக் கட்டியது என்ற விவரத்தைக் காலாண்டுக்கு ஒருமுறைதான் தாக்கல் செய்யும்: ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. ஏப்ரலில் பிடித்தது ஆகஸ்ட் வரை உங்கள் பெயரில் தெரியாமல் இருப்பது இயல்பு. ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் கைக்கு வர வேண்டும்.

அந்தத் தேதிகள் கடந்தும் இல்லையென்றால், நிறுவனம் உங்கள் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டிருக்கலாம். திருத்த அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லி மெயில் அனுப்புங்கள். பிடித்துவிட்டுக் கட்டவே இல்லை என்றாலும், சம்பளத்திலிருந்து ஏற்கெனவே எடுக்கப்பட்ட வரியை மறுபடி உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். வரித் துறையிலிருந்து கோரிக்கை வந்தால் அதைத் தளத்திலேயே மறுத்துப் பதில் போடுங்கள். அதை நிரூபிக்க உங்களிடம் இருக்க வேண்டியவை சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும். சீட்டுகளை மாதாமாதம் இறக்கிச் சொந்த மெயிலிலோ கணினியிலோ வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட மறுநாள் அலுவலகத் தளம் உங்களுக்குத் திறக்காது.